நாத்தனார் காய்ச்ச வேண்டிய பால்: மண்டகப்பட்டு குகையும் கரிக்கலாம்பாக்கம் கூடாரமும்

ஆகஸ்ட் பதினைந்து நாட்டுக்கே விடுமுறை. பதினாறும் விடுமுறை என்றால் அது எங்கள் புதுச்சேரிக்கு மட்டும், இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்த நாள் என்று. இந்த முறை இரண்டும் வெள்ளி, சனியாக வந்ததால் ஞாயிறும் கூடவே ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாதா திருநாள் பூசை, பிரியாணி, தூக்கம் என்று போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு நாளில் குகை பார்த்து, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தோம். வில்லியனூர், பாகூர் பக்கமிருந்து பிள்ளைகளோடு கிளம்ப நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நடுநடுவே என் வயிற்றெரிச்சலும் வரும். அது வேண்டாம் என்கிறவர்கள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள பத்திக்கு நேராகப் போய்விடலாம்.

நான், என் வீட்டுக்காரர், பையன் டேனி. என் தங்கை ஸ்டெல்லா, அவள் கணவர் ஜெரால்டு, அவர்களுடைய இரண்டு பெண்கள். ஏழு பேர் என்றுதான் பேச்சு. கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டெல்லா போன் செய்து, "பிலோக்காவும் வராங்கக்கா" என்றாள். பிலோக்கா ஜெரால்டின் அக்கா, ஸ்டெல்லாவுக்கு நாத்தனார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல மனுஷிதான். அதுதான் எனக்குப் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டெல்லாவும் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தது: எங்கே வீடு கட்டினாலும் பக்கத்துப் பக்கத்தில் கட்ட வேண்டும், நடுச்சுவரில் ஒரு சின்ன கேட் வைக்க வேண்டும். குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றாமல் போய்வர. இந்த வருஷம் அவள் கரிக்கலாம்பாக்கத்தில் மனை வாங்கினாள். போன வருஷம் வரை நெல் விளைந்த இடம், இப்போது கல் நட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள். அவளுடையது பதினாலு. பதினைந்தை வாங்க நாங்கள் லோனுக்கு அலைந்துகொண்டிருந்தோம். "ரிசார்ட்டெல்லாம் எதுக்குக்கா, நம்ம பிளாட்டுலயே டென்ட் போட்டுடலாம்" என்று ஸ்டெல்லா சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினாலில் கூடாரம் போட்டுவிட்டுப் பதினைந்தைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வில்லியனூரிலிருந்து வேன் கிளம்பியது. வாடகை டீசலோடு 4,500 ரூபாய். முன் சீட்டில் ஸ்டெல்லாவும் பிலோக்காவும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். வாந்தி எடுக்கிற பெரிய பெண்ணோடு நான் பின் சீட்டில், கையில் பிளாஸ்டிக் கவரோடு. வளவனூர் தாண்டும்போது முன்னாலிருந்து பேச்சு காதில் விழுந்தது.

"நடுச்சுவரு ரெண்டு பேருக்கும் ஒண்ணே போதும்க்கா. செலவு பாதியா கொறையும்."

"இன்னா நடுச்சுவரு?" என்றேன்.

ஸ்டெல்லா திரும்பினாள். "சொல்லலியாக்கா? பதினஞ்ச பிலோக்கா வாங்கிட்டாங்க. போன வாரம்தான் ரெஜிஸ்டர் ஆச்சி."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். சந்தோஷமாவது ஒன்றாவது. விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டோம். அங்கே சாம்பார் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ருசியே தெரியவில்லை, அதனால் சிபாரிசு செய்ய முடியாது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் போனால் மண்டகப்பட்டு. வில்லியனூரிலிருந்து மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் வரும். சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் வயலுக்கு நடுவே பாறை தெரியும். பல்லவர் காலத்துக் குடைவரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஓரத்திலும் ஆளைவிடப் பெரிய காவலர் சிலைகள், உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி. டேனி சுற்றிப் பார்த்துவிட்டு, "இது குகையாம்மா? போர்டிகோ மாதிரி இருக்குது" என்றான். வௌவாலும் இருட்டும் எதிர்பார்த்து வருகிற பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கட்டிய கோயில் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறதாம். ஜெரால்டு அதைக் கேட்டு, "அந்த மேஸ்திரி நம்பர் கெடைச்சா நம்ம வூட்டுக்கும் சொல்லிடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு காவலர் பக்கத்தில் ஸ்டெல்லா, இன்னொரு காவலர் பக்கத்தில் பிலோக்கா. படம் எடுத்தது நான். அதனால் எந்தப் படத்திலும் நான் இல்லை.

அடுத்தது தளவானூர், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பெயர்ப்பலகை சரியாக இல்லை, வழியில் கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு சின்ன மலையின் தெற்குப் பக்கம் குடைந்திருக்கிறார்கள். வாசலுக்கு மேல் செதுக்கிய தோரணம் அவ்வளவு அழகு. எனக்கு மண்டகப்பட்டைவிட இதுதான் பிடித்தது. பாறையில் ஏறும்போது பிலோக்காவுக்கு முழங்கால் வலி என்று ஸ்டெல்லா கையைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றினாள். எனக்கும் முழங்கால் வலி உண்டு. அந்த இடத்திலிருந்து நானும் நன்றாகவே நொண்டினேன். என் வீட்டுக்காரர்தான் வந்து கையைப் பிடித்தார். அவரை யார் கேட்டது?

மாலை நாலரைக்கு கரிக்கலாம்பாக்கம் வந்து சேர்ந்தோம். வேனை அனுப்பிவிட்டோம். கூடாரம் இரண்டும் புதுச்சேரி டவுனில் வாடகைக்கு எடுத்தவை, ஒன்று ஒரு நாளைக்கு 400 ரூபாய். மனையில் இளகின மண் என்பதால் முளை நிற்கவில்லை, எல்லைக்கல்லில் கட்டினோம். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, வூடு கட்றதுக்கு முன்னாடியே குடி வந்துட்டீங்களா?"

"இது எங்க தம்பியுது. அது என்னுது" என்று பிலோக்கா பதினைந்தாம் கல்லைக் கால் விரலால் காட்டினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு வசதியான காரணம்.

இருட்டுவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் ஒரு கூடாரத்திலும் பெண்கள் ஒரு கூடாரத்திலுமாக ஒடுங்கினோம். எங்கள் கூடாரத்தில் அந்தக் கோடியில் பிலோக்கா, அடுத்து ஸ்டெல்லா, நடுவில் பெண்கள் இரண்டு பேர், இந்தக் கோடியில் ஜிப் பக்கம் நான்.

ஜிப் வழியாக ஈரம் இறங்கியதால் ஞாயிறு காலை நான்தான் முதலில் எழுந்தேன். சின்னவளுக்கு எழுந்ததும் பால் வேண்டும். சிலிண்டர் அடுப்பைப் பற்றவைத்து, பாக்கெட்டை வெட்டி ஊற்றினேன். கொசுவை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பால் ஒரு பக்கமாகப் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் கூடாரத்திலிருந்து தலையை நீட்டி, "அட, பால் காய்ச்சிட்டியா! கிரகப்பிரவேசம் முடிஞ்சுது" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், பின்னால் பிலோக்கா நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. எங்கள் பக்கம் தம்பி புது வீடு போனால் அக்காதான் முதல் பால் காய்ச்ச வேண்டும். அது நாத்தனாரின் உரிமை, அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

ஸ்டெல்லா ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, அத அவங்கதான காய்ச்சணும்!"

என்னைத்தான் முதலில் கேட்டாள் பாருங்கள். எனக்கும் கோபம் வந்தது. "வூடே இல்லாத எடத்துல இன்னாடி பால் காய்ச்சறது? கொழந்தைக்கு வெச்சேன்" என்றேன்.

"வுடு ஸ்டெல்லா" என்றார் பிலோக்கா. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எனக்குக் கூடப்பொறந்தது நாலும் ஆம்பளைங்க. இவ எங்க வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து வாயத் தொறந்தா எங்க ரீட்டாக்கா, எங்க ரீட்டாக்காதான். உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சிதான் அந்தப் பிளாட்டையே வாங்கனேன். பால் காய்ச்சறது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சி. அதையும் நீயே காய்ச்சிட்ட."

நியாயமாக எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, 'எங்க ரீட்டாக்கா'வாமே என்கிற இனிப்பு. அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது.

இன்னொரு பாக்கெட் இருந்தது. பாத்திரத்தைக் கழுவி, அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்து, பாக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். "இதாங்க்கா நெஜப் பாலு. முன்ன காய்ச்சனது டீக்கு." அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றினார். எல்லாரும் சுற்றி நின்றோம். பால் நாலு பக்கமும் ஒரே சீராக, பூப்பூவாகப் பொங்கி இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். என்னுடையது ஒரு பக்கம்தான் வழிந்தது என்பது மறுபடியும் உறைத்தது.

சரி, போக நினைப்பவர்களுக்கு. குகைகளை வெயில் ஏறுவதற்குள் பாருங்கள், பாறை சுடும், செருப்பு பிடிமானமாக இருக்கட்டும். குகைப் பக்கம் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். மனையில் தங்குவதானால் இருபது லிட்டர் கேன் இரண்டு, கொசுவத்தி, விரிக்க தார்ப்பாய் கட்டாயம். கழிப்பறைக்கு அங்கே வீடு கட்டிக் குடிவந்திருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், எங்களுக்கு மூலை வீட்டு அம்மா உதவினார். எட்டுப் பேருக்கு வேன், கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. பால் பாக்கெட் மட்டும் ஒன்று கூடுதலாக வையுங்கள்.

நேற்று போன் வந்தது. ஸ்டெல்லா என்று நினைத்து எடுத்தேன். பிலோக்கா.

"ரீட்டா, பதினாறு இன்னும் விக்கலயாம். உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லு. ரெண்டு சுவத்துலயும் ஒரு சின்ன கேட்டு வெச்சிக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். பதினாலில் என் தங்கை, பதினாறில் நான், பதினைந்தில் இவர். ஸ்டெல்லாவுக்கு நான் குழம்பு கொண்டுபோனால் இவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கிண்ணத்தைத் திறந்து பார்க்காமல் விடுவாரா?

"பதினஞ்ச எனக்குக் குடுத்துட்டு நீங்க பதினாறுக்குப் போங்களேன்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் பிலோக்கா வெகுநேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டேன்.