சேவியர் அண்ணனின் ஜாமீனும் பன்னிரண்டு கையெழுத்தும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஓர் உயிரைப் பறித்தார் என்று வழக்கு வந்தவருக்கு ஜாமீன் கேட்பது, அவரை அவருக்கு வேண்டியவர்களிடமிருந்து காப்பாற்றுகிற வேலை. சீனியரின் ஃபைலைச் சுமக்கும் ஜூனியர் வக்கீல்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

லிங்கராஜபுரம் சேவியர் அண்ணன் கேட்டரிங் டெம்போ ஓட்டுபவர். அவர் இடித்ததில் சைக்கிளில் போன ஒரு வாட்ச்மேன் இறந்துபோனார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அண்ணனை வெளியே கொண்டுவர நாங்கள் பட்ட பாட்டில்தான் கொஞ்சம் இருக்கிறது.

நற்சான்று

அண்ணனின் மச்சினர் ராயப்பன், காக்ஸ் டவுனில் இருக்கிற எங்கள் ஆபீசுக்கு ஒரு தாளோடு வந்தார். கீழே பன்னிரண்டு பேர் கையெழுத்து. ‘சேவியர் பதினைந்து வருடமாகத் தினமும் குடித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டுகிறார், இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. போலீஸ் கண்ணில் பட்டால் அவர்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம். மடித்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். ராயப்பனுக்குக் கோபம்.

“குடிச்சாத்தான் சார் அவரு இன்னும் நிதானமா ஓட்டுவாரு. சந்தேகமா இருந்தா ஜட்ஜய்யாவையே ஒரு ட்ரிப்பு வரச்சொல்லுங்க!”

சத்தம்

விசாரணை அன்று சீனியர் மேடம் வேறொரு கோர்ட் ஹாலில் மாட்டிக்கொண்டார். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்காது. சத்தமாகச் சொல்லும்படி ஜட்ஜ் கன்னடத்தில் மூன்று முறை “ஜோராகி ஹேளி” என்றார். இன்னும் சத்தமாகச் சொல்ல முயன்றதில் இருமல்தான் வந்தது. ‘நிரந்தர முகவரி உண்டு, தலைமறைவாக மாட்டார்’ என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. பின்னால் நின்ற அண்ணனின் மனைவி பிலோமினா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போலீஸ்காரர் கையமர்த்துவதற்குள் சொல்லிவிட்டார்.

“எங்கயும் ஓட மாட்டாருங்க அய்யா! டெம்போ ஸ்டேஷன்ல நிக்குது, பால் வாங்கவே நடக்க மாட்டாரு!”

ஜாமீன்தாரர்

ஜட்ஜ் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. ஜாமீன் கிடைத்தது. வண்டி ஓட்டக் கூடாது, சொந்த வீடுள்ள ஒருவர் பொறுப்பேற்கவேண்டும் என்று நிபந்தனை. வீட்டு வரி ரசீதோடு ராயப்பன் வந்தார். வாயில் ஒரு பிடி ஏலக்காய். ஏலக்காயையும் மீறி அந்த இன்னொரு வாசனை. மேடம் இரண்டடி பின்வாங்கி, “குடி கேசுக்கு ஜாமீன் போட இப்படியா வருவீங்க?” என்றார். அண்ணன் மேலும் ஒரு நாள் உள்ளேயே இருக்கவேண்டியதாயிற்று. மறுநாள் பிலோமினா அக்கா, காபிகூடக் குடிக்காத ஒரு டீச்சரைப் பிடித்துவந்தார். ராயப்பன் மட்டும் கடைசிவரை தன் கட்சியை விடவில்லை.

“கோர்ட்டுன்னா பயம் மேடம், அதான் ஒரே ஒரு கட்டிங். ஆனா சட்டப்படி ஆட்டோலதான் வந்தேன்!”

பஸ்

ஜெயில் வாசலில் ராயப்பன் மாலையோடு நின்றார். அண்ணன் மாலையை வாங்கவில்லை. “செத்துப்போனவருக்குப் பசங்க இருக்காங்களா தம்பி?” என்று என்னிடம் கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன். ராயப்பன் பிடித்துவைத்திருந்த காரில் ஏற மறுத்து, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பால் வாங்கவே நடக்காத மனிதர். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. உட்காருங்கள் என்றேன். என்னைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனார்.

“முன்னாடி வேணாம் தம்பி. அங்க உக்காந்தா ரோடு தெரியும்.”

வீட்டுக்குப் போகிற வழியைத்தான் எங்களால் வாங்கித்தர முடிகிறது, அதில் கண்ணைத் திறந்துகொண்டு போக வைக்கிற மனு எந்த ஜூனியருக்கும் எழுத வருவதில்லை.