கோல்ஃப் புல்லில் ஒரு வடிகால்

சுற்றுலா நடத்துகிறவன் இரண்டு வானிலையைப் பார்க்க வேண்டும்: போகிற ஊரில் ஒன்று, கூட வருகிறவர்களின் வயலில் ஒன்று. நாலு குடும்பத்தை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்வந்த உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கலுக்கும் சம்பா அறுப்புக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நாளில் தஞ்சாவூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆள் சேர்ப்பேன். கடற்கரை, கோல்ஃப், கதகளி என்று நோட்டீஸில் போட்டிருப்பேன்.

கடல்

கோவளத்தில் இறங்கியதும் ஆளுக்கு மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கடல் என்றால் அமாவாசைக் குளியல்தான். மதியம்வரை இங்கேதான் இருப்போம் என்றேன். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமி ஈர வேட்டியைப் பிழிந்தபடி கேட்டார்: "அதான் குளிச்சாச்சே தம்பி, இனிமே இங்க என்ன வேலை?"

மழை

மதியச் சாப்பாட்டின்போது அவருக்கு போன் வந்தது. ஊரில் நல்ல மழை. அவருடைய வயல் பள்ளத்தில் இருக்கிறது, கதிரும் முற்றிவிட்டது. தண்ணீர் நின்றால் பயிர் சாய்ந்து நெல் முளைத்துவிடும். அது வடிய வேண்டுமானால், பக்கத்து வயல்காரரான பங்காளி செல்வராசு நடு வரப்பை வெட்டிவிட வேண்டும். அந்த வரப்பை வைத்துத்தான் இருவருக்கும் தகராறு, வெகுநாளாகப் பேச்சில்லை.

"நான் பேசிப் பாக்குறேங்க" என்றார் மனைவி மல்லிகா.

"அவன்கிட்ட நீ பேசினா நான் இப்பவே ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

மல்லிகா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஏறுங்க. நான் கதகளி பாத்துட்டு வர்றேன்."

கோல்ஃப்

மறுநாள் காலை மைதானத்தில் ஆளுக்கொரு மட்டை கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். கோவிந்தசாமியின் முறை வந்தபோது ஆளைக் காணோம். தூரத்தில், தெளிப்புக் குழாய் ஒழுகித் தண்ணீர் தேங்கியிருந்த ஓர் ஓரத்தில், மட்டையின் தலையால் மண்ணைக் கீறி வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பதறி ஓடினார். பின்னாலேயே ஓடி நான் மன்னிப்புக் கேட்டேன். கோவிந்தசாமி நிமிரவில்லை. "தண்ணி நின்னா புல்லு அழுகிடும்னு சார்கிட்ட சொல்லுங்க தம்பி. இதை முடிச்சுட்டு வந்து பந்தை அடிக்கிறேன்."

கதகளி

அன்று மாலை கதகளிக்கு நடுவில் மல்லிகா போனோடு வெளியே போனார். திரும்பி வந்து கணவரையும் கூப்பிட்டார். சண்டை வரும் என்று நானும் பின்னால் போனேன். போனின் ஸ்பீக்கரில் செல்வராசு பேசிக்கொண்டிருந்தார்: "நீங்க நேத்து சொன்னதுமே வெட்டிவிட்டுட்டேன் அண்ணி. தண்ணி வடிஞ்சு பயிரு நிக்குது. வெட்டுன வரப்ப அண்ணன் வந்துதான் கட்டணும், எனக்கு வேற வேலை இருக்கு."

கோவிந்தசாமி பஸ் ஏறவில்லை. உள்ளே போய் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். வேனில் ஏறும்போது என் தோளைத் தொட்டார்: "காலையில இன்னொரு தடவ கடலுக்குப் போவமா தம்பி? சும்மாதான்."

மூன்று நாள் சுற்றுலாவுக்கு அவரைக் கூட்டிப்போனேன். அவர் வந்து சேர்ந்தது கடைசி நாள் காலையில்தான்.