பியானோவுக்குள் இரைந்த சத்தம்

எங்கட கோயில் திருநாளில் மாதா பாட்டைத் தனியப் பாடுவது நான்தான். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒருக்கால் கேட்ட பாட்டை மறந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான்.

முல்லைத்தீவுக் கரையில் பியானோ இருந்தது எங்கட கோயிலில் மட்டும்தான். முந்தின வெள்ளைக்காரச் சுவாமிமார் விட்டுப்போனது. மூன்று கால், பாதி வள்ளமளவு நீளம். யுத்தத்தில் பொருள்தடை வருசங்கள்; குளிக்கச் சவுக்காரத்துக்கே வழியில்லை, பியானோ இருந்தது.

அந்த வருசம் திருநாளுக்கு முந்தின நவநாள் செபம் தொடங்க அது இரையத் தொடங்கியது. பாட்டின் உச்சியில், பியானோ வாசிக்கிற சிஸ்டர் ஒரு கட்டையை அமத்தினால், போத்தலுக்குள் குளவி அகப்பட்ட மாதிரி ஒரு சத்தம்.

கோயிலைக் கூட்டிப் பார்க்கிற மூப்பர், எலி என்றார். பொறி வைத்தார், அகப்பட்டது அவருடைய விரல். பிறகு வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, "ஒயில் காணாது" என்றார். ஒயிலுக்கு எங்கே போக? தேங்காயெண்ணெய் விட்டார். சத்தம் போகவில்லை, எறும்பு வந்தது.

கடைசியில் கோயில் சபை கூடிக் கண்டுபிடித்தது, சத்தம் என்ர தொண்டையிலாம். கரையில் ஆகக் கூட வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் சொன்னார்:

"அக்காவுக்கு வயசு போகுது. இந்த முறை என்ர மகள் பாடட்டும்."

"நான் வாய் திறக்காமலே இரையுதே, தம்பி?"

"உங்களோட இருந்து பழகிப் போச்சாக்கும்."

அடுத்த நாள் விடிய சிஸ்டரை இழுத்துக்கொண்டு போனேன். "அந்தக் கட்டையையே அமத்துங்கோ, சிஸ்டர். நிப்பாட்டாதேங்கோ." காதைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். கால், மூடி, யன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாய்க் கையால் பொத்திப் பார்த்தேன். பியானோவின் பக்கப் பலகையில் கை பட்டதும் சத்தம் நின்றது. எடுத்தேன், இரைந்தது.

கைக்குக் கீழே புதுப் பித்தளைத் தகடு. எழுத்துக் கூட்டினேன். 'உபயம்' என்று தொடங்கி சம்மாட்டியார், தகப்பன், பாட்டன் என்று மூன்று தலைமுறை. செய்த உபயம், ஒரு பூச்சு வார்னிஷ். நாலு மூலைக்கு நாலு திருகாணி வேணும். கிடைத்த இரண்டோடு விட்டிருந்தார்கள்; மற்றப் பக்கம் ஆடியது.

பங்குச் சுவாமியிடம் ஓடினேன். "கழட்டுவம், சுவாமி."

"ஐயோ, அதைக் கழட்டினால் சம்மாட்டியார் போடுற திருநாள் பந்தலும் சேர்ந்து கழண்டுபோகும்."

மெழுகு வைத்து ஒட்டினோம். வெக்கையில் உருகி வழிந்தது. இனி ஒரே வழிதான். "அப்ப நான் பாடுறன், சுவாமி. பெருவிரலால அமத்திக்கொண்டு." வேறு யாரும் அந்த வேலைக்குக் கை தூக்கவில்லை.

திருநாளன்று பியானோவோடு சாய்ந்து நின்று, விரலைத் தகட்டில் ஊன்றிக்கொண்டு பாடினேன். உச்சியில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. பூசை முடிய சம்மாட்டியார் கண் கலங்க வந்தார்.

"என்ர அப்புவின்ர பேரைத் தொட்டுக்கொண்டு பாடினியளே, அக்கா! இனி எந்த வருசமும் நீங்கள்தான். பேர் வடிவாய்த் தெரிய இன்னும் பெரிய தகடு அடிக்கிறன்."

"வேண்டாம், தம்பி," என்றேன். "எனக்கு இருக்கிறது இந்தளவு பெருவிரல்தான்."