அளந்து கொடுத்த தண்ணீர்

என் கணவருக்குக் கொரோனா வந்தபோது நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறோம். அவருக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை. ஒரு நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமல், தேத்தண்ணியில் வாசமே இல்லையென்ற முணுமுணுப்பு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரையோ ஒட்சிசன் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"நம்மள லேசா விட்டுருச்சு" என்றார் இவர்.

வேலைக்குத் திரும்பிச் சில வாரங்களில், காலையில் முகம் உப்பியிருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகு கால் வீங்கிச் சப்பாத்துக்குள் நுழையவில்லை. சிறுநீர் நுரைத்து, பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் போனதை வெட்கப்பட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டொக்டர், இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்றார்.

"லேசாத்தானே வந்துச்சு டொக்டர்? மூச்சுகூட வாங்கலீங்களே."

"லேசா வந்தவங்கள்லயும் சிலருக்குக் கிட்னிய தாக்கும் அம்மா. இவருக்கு அதனாலதானா, முன்னமே ஏதும் இருந்துச்சான்னு இப்ப சொல்ல ஏலாது."

அதற்கு முன் அவர் இரத்தம் சோதித்ததே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். குடிக்கும் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும், சிறுநீராகப் போகாத தண்ணீர் நெஞ்சில் தேங்கிவிடும் என்றார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் மலைத்தண்ணீர் பீலிக் குழாயில் ஓயாமல் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பார்.

"இன்னும் ஒரு வாய் குடு புள்ள."

"வேணாங்க. மூச்சு முட்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. அவருக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. நெஞ்சுக்குள் கொறகொறவென்று சத்தம். கொண்டக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"காலையில பீலில குடிச்சிட்டேன்" என்றார். "வயிறு நெறையக் குடிச்சேன்."

"பேசாதீங்க."

திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மத்தியானத்துக்குப் பிறகுதான் மண்ணை அள்ளி ரோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தேன். இயந்திரத்தில் போட்டபின் மூச்சு சீரானது.

சிறுநீரகம் சீராகவில்லை. இனி ஆகாது என்றே சொல்லிவிட்டார்கள். இப்போதும் பதுளைக்குப் போய்வருகிறோம். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனாலும் நான் செய்ய ஒன்றுமில்லை.