தலையை ஆட்டக் கூடாது

எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. அப்படிப்பட்டவளைத்தான் எண்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத் தொழிற்சாலையில், கழுத்தை அசைக்காமல் வேலை செய்யச் சொன்னார்கள்.

வரைபடத்தைப் பார்த்து வண்ணக் கம்பிகளைப் பலகையில் ஓட்டிக் கற்றையாகக் கட்டுவது எங்கள் வேலை. படத்துக்கும் கம்பிக்கும் மாறி மாறித் திரும்பியே கழுத்து போய்விடும். அதற்கு மருந்தாக ஒரு புதுச் சாமான் வந்தது. பட்டைபோலத் தலையில் மாட்டினால் வலக்கண் முன்னால் சின்னப் பெட்டி ஒன்று நிற்கும். அதற்குள் வரைபடம் சிவப்பாகத் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் படம் கம்பிகளின் மேலேயே மிதக்கும். முதல் தடவை எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பக்கத்து மேசைத் தோழியிடம், "பாருடி, படம் காத்துல தொங்குது!" என்று கத்தினேன்.

ஆசை அறுபது நாள் என்பார்கள். எனக்கு ஒரே நாளில் தீர்ந்தது. தலைவலி. வியர்வையில் குங்குமம் கரைந்து பட்டையில் ஒட்டியது. அதெல்லாம்கூடத் தேவலை. அடுத்த பக்கம் வேண்டுமென்றால் தலையைச் சாய்க்க வேண்டுமாம், அங்கேதான் வந்தது வினை. "புரிஞ்சுதா?" என்று யாராவது கேட்டால் தமிழச்சி தலை சும்மா இருக்குமா? நாங்கள் ஆட்டினோம், பக்கம் ஓடியது. அடுத்த பக்கத்துக் கம்பியை இந்தப் பக்கத்தில் கட்டிவிட்டு முழித்தோம்.

சிரிக்கிற நிலைமை இல்லை. வாரக் கடைசியில் பரீட்சை. தேறாதவர்களைத் துவாஸில் திறந்திருந்த புதுக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். என் வீடும் தோழி வீடும் பிடோக்கில், துவாஸோ தீவின் மறுகோடி. அவளுக்குக் கைக்குழந்தை வேறு.

வீட்டில் கழுத்தை விறைப்பாக வைத்துப் பழகினேன். கணவர் "தண்ணி வேணுமா?" என்றால், "வேணும்" என்று வாயால் மட்டும் சொல்வேன்.

"என்ன கோவம் உனக்கு?"

"கோவம் இல்ல லா, டெஸ்ட்!" என்று கத்தினேன். அப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

பரீட்சையில் நான் தப்பித்தேன். தோழி என்னைவிட வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற சீன எஞ்சினியர் நல்ல மனிதர். சந்தோஷத்தில், "வெரி குட் லா!" என்றார். அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். பக்கங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; மாறியதை அவள் கவனிக்கவில்லை. கம்பிகள் தப்பாகப் போய்ச் சேர்ந்தன.

எனக்கு ரத்தம் கொதித்தது. தெரிந்த இங்கிலீஷில் அவரிடம் சண்டைக்குப் போனேன். நீங்கள் பாராட்டியதால்தான் தலையாட்டினாள், அது எங்கள் பழக்கம் என்றேன்.

"எனக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியாதே" என்றார். மேலிடத்தில் பேசியும் பார்த்தார். பலிக்கவில்லை, அவளைத் துவாஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

கடைசி நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் என் மேசைக்கு வந்தாள். "ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு வருவியா, இல்ல மறந்துடுவியா?"

"வர்றேன்டி."

அவள் நகரவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாயாலதான் சொல்ற" என்றாள்.

நான் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினேன். அதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.