மூன்றாவது பெயர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பரிந்துரைக் கடிதம் தர மூன்று பேர் வேண்டும்; அவர்கள் மெயிலுக்குப் பல்கலைக்கழகமே எழுதிக் கடிதம் கேட்கும். கல்லூரியில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது பெயரில்தான் நான் வழுக்கினேன்.

அப்போது ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஏழு மாதமாக வேலை பார்த்தேன். சுரங்கத்திலிருந்து இறைத்து வாய்க்காலில் விடும் தண்ணீரைச் சோதிப்பது எங்கள் வேலை. கூட ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கான்ட்ராக்ட் வேலை. எங்களுக்கு ஒரே மேஜை, சாப்பாடும் பகிர்ந்துதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். "மூணாவது பேரு உங்களதுதான்க்கா" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பழைய மெயில் முகவரி அண்ணன் பையன் பெயரில் விளையாட்டாக ஆரம்பித்ததாம். அது நன்றாக இருக்காது என்று தன் முழுப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கி, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தானும் ஒருமுறை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கியதாகவும், பரிந்துரைக்க ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அப்பா பல வருடம் கான்ட்ராக்டில் கிடந்து பர்மனென்ட் ஆனவர். "கான்ட்ராக்ட் புள்ள எழுதுனா எவன் மதிப்பான்? ஒங்க லேப் டைரக்டர் பேரப் போடு" என்றார்.

அப்பா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க ஆசைதான். ஆனால் விண்ணப்பத்தில் 'பதவி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அக்காவுக்கு என்ன எழுதுவது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. பதவிக்கேற்ப வீடு ஒதுக்கும் ஊரில், எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்டு அதற்கேற்ப மரியாதை கொடுத்தே பழகியவள் நான். டைரக்டர் பெயரைப் போட்டேன்.

அவர் மாதம் ஒருமுறை வருவார். என் முகம் தெரியும், பெயர் தெரியாது. நீயே எழுதி எனக்கு அனுப்பிவிடும்மா, மெயில் வந்ததும் நான் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் நம் பக்கம் சகஜம்தானே. என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆகியும் உழைப்பாளி, பொறுப்பானவள், பணிவானவள் என்பதைத் தாண்டவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போல இருந்தது.

வேறு வழியில்லாமல், என்ன எழுதலாம் என்று கேட்க அக்காவிடமே போனேன். டைரக்டர்தான் கடிதம் தர வேண்டுமாம், அதுதான் விதியாம் என்று கூசாமல் பொய் சொன்னேன். பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சொல்கிறேன், எழுதிக்கொள் என்றார்.

நான் மறந்தே போன ஒன்றைச் சொன்னார். சேர்ந்த புதிதில் இரண்டு பாட்டில்களின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். ரிப்போர்ட்டும் போய்விட்டது, யாருக்கும் தெரியாது. மறுநாள் நானே போய்ச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்கு நடந்து போய் மறுபடியும் தண்ணீர் பிடித்து வந்தேனாம்.

"உழைப்பாளின்னு எல்லாருக்கும்தான் எழுதுவாங்க. இவ தப்பு பண்ணா மறைக்க மாட்டா, அத எழுது" என்றார்.

பொய் சொன்ன வாயின் ஈரம்கூடக் காயவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன். ஆங்கிலத்தில் மாற்றி, டைரக்டர் பெயரைப் போட்டு அவருக்கு அனுப்பினேன்.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் அந்தப் பாட்டில் கதையைத்தான் கேட்டார். எழுதியவர் உன்னை நன்றாகக் கவனித்திருக்கிறார் என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இடம் கிடைத்தது.

கிளம்புவதற்கு முன் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். மனதாரச் சந்தோஷப்பட்டார். வேலை முடிந்து இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பேச்சோடு பேச்சாக, "மொதல்ல அந்த மெயில தெனமும் தொறந்து பாத்துகினே இருந்தேன். நீ வந்து விதின்னு சொன்னியே, அன்னியோட வுட்டுட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

படிப்பு முடிந்து இப்போது வெளிநாட்டிலேயே வேலையில் இருக்கிறேன். கட்டத்தில் போடும்படி எனக்கும் ஒரு பதவி இருக்கிறது. மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் கடிதம் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கு எழுதும்போதும், இதை அக்கா என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று மனசு ஏங்குகிறது. கான்ட்ராக்ட் முடிந்து அவர் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். அப்பாதான் விசாரித்து எண் வாங்கி அனுப்பினார். அதை அழுத்தும் துணிவுதான் எனக்கு இன்னும் வரவில்லை.

போன மாதம் அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த முகவரிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். விதி என்று எதுவும் இல்லை, பெயரை மாற்றியது நான்தான் என்று. கூடவே, அவர் கேட்காமலே அவருக்காக ஒரு பரிந்துரைக் கடிதமும் இணைத்தேன். அனுப்பிய மெயில் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மெயிலைத் திறந்து பார்க்கிறேன். வரும் என்று ஒருவரை நம்ப வைத்துவிட்டு அனுப்பாமலே இருந்தது எத்தனை பெரிய விஷயம் என்று, இப்படித் தினமும் திறந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது.