சிந்துஜாவின் ட்ரம்பெட்டும் நான் விட்ட எண்ணெயும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டுக் குளியலறைக்குள் யாரும் போக முடியாது. உள்ளே என் மனைவி சிந்துஜாவின் ட்ரம்பெட் குளித்துக்கொண்டிருக்கும்.

சிந்துஜாவுக்கு வயது நாற்பத்தொன்று, மாநகர சபையில் எழுதுவினைஞர். பெரிய பேசினின் அடியில் பழைய துவாய் விரித்து, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ட்ரம்பெட்டைக் கிடத்துவாள். நீளத் தூரிகையைக் குழாய்க்குள் விட்டு இழுப்பாள். மூன்று வால்வுகளையும் துடைத்து, இலக்கம் பார்த்துச் செருகி, அதற்கென்றே வாங்கிய எண்ணெயை விடுவாள். எனக்கு இவ்வளவு பணிவிடை நடந்ததில்லை என்றால், "உங்கள ஊதினா கேக்க நல்லாவா இருக்கும்?" என்பாள்.

பள்ளிக்கூட வாத்தியக்குழுவில் ஆறு வருடமும் அவள் பின்வரிசை. தனியாக ஒரு வரிகூட வாசிக்கக் கிடைத்ததில்லை. இப்போது பழைய மாணவிகள் குழு, நுவரெலியா நிகழ்ச்சியில் எட்டு வரிகளை அவளுக்கென்று ஒதுக்கியது. மூன்று மாதமாக வீட்டில் அந்த எட்டு வரிதான்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மத்தியானம் அவள் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நானோ ஹார்ட்வெயார் கடைக்காரன். கீல், பூட்டு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் எனக்குத் தேங்காயெண்ணெய்தான். கேட்காமலே வால்வுகளில் தாராளமாக விட்டேன். அழுத்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை நுவரெலியா மலையேறிய பஸ் புசல்லாவையைத் தாண்டும்போதே கண்ணாடியெல்லாம் பனி. மண்டபத்தில் சிந்துஜா வால்வை அழுத்தினாள். போனது மேலே வரவில்லை. கழற்றினாள். வெள்ளையாக உறைந்திருந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலைத் தினமும் வெயிலில் வைத்து உருக்குகிறவன் நான். எனக்கு அது ஞாபகம் வராமல் போயிற்றே.

"யாரு இதுல கை வச்சது?"

"நான்தான். தேங்காயெண்ணெய்."

அவள் திட்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குழுத் தலைவி றமீஸா வந்து பார்த்தாள். "இருபது நிமிஷம் இருக்கு சிந்து. ஏலாட்டி சொல்லுங்க, நான் வாசிக்கிறேன்."

"ஏலும்," என்றாள் சிந்துஜா. என் பக்கம் திரும்பினாள். "சுடுதண்ணி கொண்டாங்க. கொதிக்கக் கொதிக்க வேணாம், கை பொறுக்கிற சூடு. சவர்க்காரமும் வேணும்."

எதிர்த்த தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன். அவள் கழுவினாள், நான் என் கைலேஞ்சித் துணியால் துடைத்தேன். வால்வுக்கான எண்ணெய் றமீஸாவிடம் இருந்தது. இலக்கம் பார்த்துச் செருகி முடிக்கவும் பெயரை அழைக்கவும் சரியாக இருந்தது.

மூன்றாவது வரியில் நடு வால்வு கொஞ்சம் தயங்கியது. அவள் தயங்கவில்லை. எட்டு வரியும் முழுதாக வந்தன. கடைசி வரிசையில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த ஞாயிறு குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. "என்னங்க, வாங்க. மூணையும் நீங்களே தொடைங்க," என்றாள். "எண்ணெய மட்டும் நான் விட்டுக்கிறேன்."